வீதியோரக் கடையும் வேலை தெரிந்த கையும்

1660 ஆம் ஆண்டில் எமது கொட்டியாரக் குடாவில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்று வந்து தரித்து நின்றது. புயலில் பாய்மரத்தை இழந்த கப்பல் அது. புதுமரம் நாட்டவும் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் வந்த அதன் தலைவரையும், அவரது மகனையும், வேறு சில மாலுமிகளையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். றொபேர்ட் நொக்ஸ் என்ற அந்த மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கைதியாக இருந்தார். 1679 இல் தப்பி, அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681 இல் அவர் எழுதிய நூல் இலண்டனில் வெளியாயிற்று. மூதூரில் பெரியவர்கள் இன்றும் இக்கதையைச் சொல்வார்கள்.

அவர்கள் அடைபட்ட கதை எமக்குத் தெரியும். அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மன்னன் கட்டளைப்படி கிராமத்தவர்கள் சோறு கொடுத்தார்கள். உடைக்கும் மற்றச் செலவுகளுக்கும் வழியில்லை. ஆகவே அக்கைதிகள் நூலால் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டார்கள். ஒரு தொப்பிக்கு நூற்செலவு மூன்று பென்ஸ். விற்ற விலை ஒன்பது பென்ஸ் என்று நொக்ஸ் கணக்குச் சொல்கிறார். நல்ல இலாபம்தான். ஆனால் எல்லோரும் தொப்பியே பின்னத் தொடங்கினார்கள். தொப்பி மலிந்தது, விலை விழுந்தது, அதை நம்பியிருந்த சிலர் வறுமையில் வாடினார்கள். நொக்ஸ் தொழிலை மாற்றினார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கினார். பின்னர் சில்லறைச் சாமான்களைச் சுமந்து ஊரூராக விற்றுத் திரிந்தார். அந்தத் திரிதலில்தான் வடக்கே போகும் வழியைத் தெரிந்துகொண்டு தப்பினார்.

ஊரை இழந்த மனிதனிடமிருந்து கைவேலையை எவராலும் பறிக்க முடியாது என்பதற்கு இக்கதை ஒரு சான்று. கைவேலை தெரிந்திருந்தால் மாத்திரம் போதாது என்பதற்கும் அதே கதைதான் சான்று. நிவாரணக் காலங்களில் எமது முகாம்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முகாமுக்கு முகாம் தையல், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. ஒரே கிழமையில் ஐம்பது பேருக்கு ஒரே பயிற்சி. பயிற்சி முடிந்து சான்றிதழும் படமும் கைக்கு வந்தபின், மெழுகுவர்த்தியை யார் வாங்குவது? எங்கள் தொப்பியும் மலிந்துதான் போயிற்று.

எனவே இக்கட்டுரையில் மூதூரிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும், பின்னர் கிழக்குக் கரையோரமாக மட்டக்களப்புப் பக்கமும் ஒரு வீதிப் பயணம் போவோம். வழியிலுள்ள கைப்பணிக் கடைகளையும் ஓவியக்கூடங்களையும் பார்ப்போம். உல்லாசப் பயணி கடைக்குள் போனால் பொருளின் அழகையும் விலையையும் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது வேறு. அந்தப் பொருளைச் செய்தவர் எங்கே நிற்கிறார்? அவருக்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? விலையைச் சொன்னது யார்?

ஆற்றுக்கு எதிராகப் போகும் வழி

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மூதூரார் திருகோணமலைக்குப் போவதென்றால் கடலால் வள்ளத்தில் போகவேண்டும். வீதியால் போனால் பாதைகளுக்குக் காத்து நிற்கவேண்டும். இன்று வீதியாலேயே நகருக்குப் போய்விடலாம்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் இருமருங்கும் சிறு கடைகள் இருக்கின்றன. சங்கு, சிப்பி, மணிமாலை, மரத்தில் செய்த உருவங்கள், விளையாட்டுச் சாமான்கள், இடையிடையே பனையோலைப் பெட்டிகள். இக்கடைகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது எங்கே செய்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கும் பதில் வேறொரு மாவட்டமாகவோ வேறொரு நாடாகவோ இருக்கும். எமது துறைமுகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் எமது கைகள் செய்த பொருள் அந்த மேசையில் அரிதாகவே இருக்கிறது. சந்தை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று தெற்கே போகிறோம். மாத்தளை வழியில் வாசனைத் திரவியத் தோட்டங்களும் பற்றிக் துணிக்கூடங்களும் மரச்செதுக்குக் கடைகளும் வரிசையாக வருகின்றன. உல்லாசப் பயணிகளின் வான்கள் அங்கே நிற்கும். வானைக் கொண்டுவந்த சாரதிக்கும் வழிகாட்டிக்கும் விற்பனையில் ஒரு பங்கு போவது அந்த வியாபாரத்தில் எல்லோரும் அறிந்த விடயம். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாங்குபவரைக் கடை வாசலுக்குக் கொண்டுவருவதும் ஒரு வேலைதான், அதற்கும் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது? வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்து. அந்த விலையில் கடைசியாக மிஞ்சுவதுதான் செய்தவர் கைக்குப் போகிறது.

தும்பறையில் ஒரு பாய்

கண்டி ஏரிக்கரையில் கண்டியக் கலைச் சங்கத்தின் கூடம் இருக்கிறது. சங்கம் தொடங்கியது 1882 இல். அரசன் இருந்த காலத்தில் கைவினைஞர்களுக்கு அரசனும் கோயில்களும் வேலை கொடுத்தன. கைப்பணிக்கு மானியமாகக் காணி கிடைத்தது. 1815 இல் அரசாட்சி போனபின் அந்த ஏற்பாடு தளர்ந்தது. தொழில்கள் அழியத் தொடங்கின. இதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர் எம்மவரான ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பில் பிறந்த அவர், இந்நாட்டின் கனியவள ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்தபோது கல்லைத் தேடிப் போன இடங்களில் கைவினைஞரையும் கண்டார். அவருடைய முதல் மனைவி எதெல் படங்களை எடுத்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908 இல் வெளிவந்தது. கைவினைஞன் கெட்டது திறமை குறைந்ததால் அல்ல, அவனைத் தாங்கிய காணியும் ஏற்பாடும் குலைந்ததால் என்பதே அந்நூலைப் படிப்பவர் காணும் உண்மை.

கண்டிக்குக் கிழக்கே குண்டசாலைப் பக்கத்தில் ஹெனவல என்ற கிராமம் உண்டு. தும்பறைப் பாய் நெய்வது அங்கேதான். கற்றாழை போன்ற ஹண என்னும் செடியின் இலையைச் சுரண்டி நாரெடுத்து, சாயமிட்டு, தரையோடு கிடக்கும் தறியில் நெய்கிறார்கள். சிவப்புக்குப் பதங்கி மரமும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் பழைய சாயங்கள். யானை, மான், பாம்பு, பூ என்று உருவங்கள் நெசவிலேயே விழும். நெய்தவர்கள் சாதிப்படியில் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள். அவர்களின் பாய் மாளிகைச் சுவரில் தொங்கியது. அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நெசவை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் நெய்யத் தெரிந்த குடும்பங்கள் சிலவே எஞ்சியிருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மாத்திரம் ஒரு பிள்ளை தறியில் வந்து உட்காருவதில்லை.

தும்பறை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1985 இல் திறக்கப்பட்ட விக்ரோறியா அணைக்காகத் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் பழைய தெல்தெனிய நகரும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான சிங்கள விவசாயக் குடும்பங்கள் முன்பின் தெரியாத இடங்களுக்குக் குடியேற்றப்பட்டன. அங்கே தேங்கும் மகாவலியின் நீர்தான் இறங்கி வந்து எமது கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தாலும் அணையால் இடம்பெயர்ந்தாலும், வயலை விட்டுப் போன குடும்பத்தின் முதற் கேள்வி ஒன்றே: இனி எதைச் செய்து பிழைப்பது?

கடையே வீடு, வீடே கடை

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கும்போது மூன்று ஊர்களைக் கவனியுங்கள். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான்கள்: குத்துவிளக்கு, தட்டு, மணி. கேகாலைக்கு அருகே மொலகொடையில் மட்பாண்டங்கள்: சட்டி, பானை, பூச்சாடி, களிமண் உருவங்கள். அதற்கும் கீழே வேவெல்தெனியவில் பிரம்புச் சாமான்கள்: கூடை, கதிரை, தொட்டில். வேவல் என்றாலே சிங்களத்தில் பிரம்புதான்; ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது.

இந்த ஊர்களில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஓர் ஊர் ஒரு தொழிலில் பெயரெடுத்திருக்கிறது. பிரம்புக் கூடை வேண்டுமானால் இங்கேதான் நிறுத்தவேண்டும் என்று வீதியால் போகிறவருக்குத் தெரியும். ஒரு தனிக்கடை அந்தப் பெயரைத் தேட முடியாது. ஐம்பது கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது வரும். அப்படியென்றால் நொக்ஸின் தொப்பிக் கதை என்னாவது என்று நீங்கள் கேட்கலாம். தொப்பி பின்னியவர்கள் எல்லோரும் ஒரே வகைத் தொப்பியைச் சுற்றியுள்ள அதே கிராமங்களுக்கு விற்றார்கள். வேவெல்தெனியவின் முன்னால் நாட்டின் பெருவீதி ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் புதிய ஆள் வருகிறான்.

இரண்டாவது, பல கடைகளில் பின்னுபவர் கடை வாசலிலேயே இருந்து பின்னுகிறார். வாங்குபவர் வேலையைக் கண்ணால் பார்க்கிறார். கண்ணால் பார்த்த வேலைக்கு அடிமட்ட விலை கேட்க மனிதனுக்கு வாய் வராது. நடுவில் ஆள் இல்லாததால் காசும் நேரே கைக்கு வருகிறது.

மூன்றாவது, மூலப்பொருள். காட்டுப் பிரம்பு முன்போல் இல்லை. வெட்டுவதற்கு அனுமதியும் வேண்டும். மொலகொடைக் குயவனுக்குக் களிமண் வேண்டும்; களிமண் கிடக்கும் வயற்காணி இன்னொருவருடையதாக இருந்தால் அவர் கேட்ட விலையைக் கொடுக்கவேண்டும். பித்தளையும் விலைக்குத்தான் வாங்கவேண்டும். கைவேலைக்காரனின் பிடி எப்போதும் மூலப்பொருள் வைத்திருப்பவன் கையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எமது ஊருக்குத் திரும்பும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

பெயரோடு தொங்கும் படம், பெயரில்லாமல் கிடக்கும் பெட்டி

கொழும்பில் லக்சல இருக்கிறது. கைப்பணிப் பொருட்களை விற்பதற்காக 1964 இல் அரசாங்கம் தொடங்கிய நிறுவனம் அது. 1982 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்த் தேசிய அருங்கலைகள் பேரவையோடு சேர்த்து அது சபையாக்கப்பட்டது. பனைத்தொழிலுக்கென்று 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அதன் விற்பனை நிலையங்கள் கற்பகம் என்ற பெயரில் நடக்கின்றன. இவை அரச நிறுவனங்கள். பொருளைக் கொடுக்கவும், பயிற்சி கேட்கவும், கைவினைஞராகப் பதிவுசெய்யவும் எமக்கு உரிமையுள்ள இடங்கள். கேட்டுப் போகாதவருக்கு அவர்களும் தேடிவந்து கொடுக்கப்போவதில்லை.

தனியார் கடைகளுள் கொள்ளுப்பிட்டியிலுள்ள பெயர்பூட் கடையின் தொடக்கம் எமக்குப் பாடமாகக் கூடியது. ஏழைப் பெண்களுக்காக நல்லாயன் கன்னியர்கள் நெசவு நிலையங்கள் நடத்தினார்கள். பெண்கள் நெய்தார்கள், ஆனால் நெய்தது விலைப்படவில்லை. நிறங்களையும் வடிவங்களையும் அமைத்துத் தரும்படி ஓவியரான பாபரா சன்சோனியைக் கேட்டார்கள். 1960களில் அங்கிருந்து வளர்ந்ததே அக்கடை. அதே நூல், அதே தறி, அதே கைகள். சேர்ந்தது நிறம் பார்க்கத் தெரிந்த ஒரு கண். பெரிய வீதியில் ஒரு கடை. சன்சோனி 2022 இல் காலமானார். அவர் தொடக்கிய கடையோடு ஓர் ஓவியக்கூடமும் சேர்ந்திருக்கிறது.

அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசம் பட்டென்று தெரியும். ஓவியக்கூடத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவரின் பெயர் இருக்கும். கைப்பணிக் கடைகளிலோ பெட்டியின் கீழ் விலை மாத்திரம் இருக்கும். பெட்டி இழைத்த பெண்ணுக்குப் பெயர் இல்லையா? அவள் கையில் ஐந்து தலைமுறையின் அறிவு இருக்கிறது. பெயர் இல்லாத பொருளைக் குறைத்துக் கேட்பது எளிது. நாளைக்கு வேறொருவரிடம் வாங்குவதும் எளிது. பெயர் எழுதுவது அலங்காரம் அல்ல. அது பேரம் பேசும் பலம்.

ஓவியக்கூடங்கள் எம்மைப் போன்றவர்களுக்கு அல்ல என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே விளக்கங்கள் தமிழிலும் எழுதப்பட்டன. எமது கதைகளும் இப்போது கலையாகின்றன. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ஒரு நூலை ஆக்கினார். தோம்பு என்பது அதன் பெயரில் உள்ள சொல். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். சனாதனனின் தோம்பு முற்றுப்பெறாத தோம்பு. இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தாருங்கள். அவர்கள் கீறினார்கள். கட்டடக் கலைஞர்கள் அவற்றை அளவோடு வரைந்தார்கள். பக்கத்தில் ஓவியர் தமது சித்திரத்தைச் சேர்த்தார். எல்லாம் ஓர் அலுவலகக் கோவைபோல் கட்டப்பட்டது. அடுக்களை எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கீறிய அந்தக் கைகள் ஓவியம் படித்தவை அல்ல. உங்களுடையதைப் போன்ற கைகள்.

கரையோர வீதியும் எமது பன்குளமும்

இனிக் கிழக்குக் கரைக்குத் திரும்புவோம். மூதூரிலிருந்து கிளிவெட்டி, வெருகல், வாகரை, வாழைச்சேனை என்று போகும் வீதி மட்டக்களப்பைச் சேர்கிறது. அதற்கும் தெற்கே கல்முனைக்கு அருகில் மருதமுனை. கைத்தறிச் சாரங்களுக்கும் சேலைகளுக்கும் பெயர்போன முஸ்லிம் ஊர். 2004 டிசம்பர் கடற்கோள் அவ்வூரையும் தாக்கியது. உயிர்களோடு தறிகளும் போயின. மறுபடியும் தறி சத்தம் கேட்டதற்குக் காரணம் என்ன? தறியைக் கடல் கொண்டுபோனது. நெய்யத் தெரிந்த கை மிஞ்சியது. நூல் எப்போதும் வெளியூரிலிருந்து காசுக்கு வருவது. ஆகவே புதுத்தறியும் முதலும் கிடைத்தபோது வேலையைத் தொடங்க முடிந்தது.

எமது மூதூர்ப் பகுதியின் கைவேலைகள் அப்படிப்பட்டவை அல்ல. இங்கேதான் எமது பிரச்சினையின் வேர் இருக்கிறது. பன்பாய்க்குப் பன் வேண்டும். அது குளத்தோரத்திலும் சதுப்பிலும் தானாக வளர்வது. வெட்டி, கீறி, வெயிலில் உலர்த்தி, சாயத்தில் அவித்து, பிறகுதான் இழைப்பது. கடகத்துக்கும் சுளகுக்கும் நீத்துப்பெட்டிக்கும் சார்வோலை வேண்டும். கிடுகுக்குத் தென்னோலை வேண்டும். சட்டிக்குக் களி வேண்டும். இவை ஒன்றும் கடையில் வாங்கியவை அல்ல, ஊரில் இருந்தவை. பன்குளத்துக்கு உறுதி எழுதி வைத்திருந்தவர் எவருமில்லை. அது எல்லோருக்கும் பொது.

2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் நகரும் காலியாயிற்று. மூதூரார் சில வாரங்களில் திரும்பினார்கள். சம்பூராரோ கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களுடைய நிலத்தில் 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 இலும் விடுவிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் இழப்பு விபரம் கேட்டு எத்தனை படிவங்கள் நிரப்பினோம்! வீடு, கிணறு, வயல், மாடு, மீன்பிடி வலை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நான் பார்த்த படிவம் ஒன்றிலேனும் பன்குளத்துக்கும் பனங்கூடலுக்கும் கட்டம் இருக்கவில்லை.

ஒரு தாயார் சொன்னதை இங்கே எழுதவேண்டும். முகாமில் இருந்தபோது பாய் இழைக்கும்படி அவருக்குச் சாயமும் ஊசியும் கத்தியும் கொண்ட பொதி ஒன்று கொடுத்தார்கள். "எல்லாம் தந்தவை பாதர், பன்னைத் தவிர," என்றார் அவர். "பக்கத்து ஊர்க் குளத்தில வெட்டப் போனால், இது எங்கட குளமெண்டு அவை சொல்லுகினம். அவை சொல்லுறதும் நியாயம்தானே. அவைக்கும் பாய் இழைக்க வேணுமே." அந்தப் பொதி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உதவி செய்தவர்களின் அறிக்கையில் அது சுயதொழில் பெற்ற குடும்பம் என்று பதிவாகியிருக்கும்.

எட்சா: எம்மைப் போன்ற ஒரு ஊர்

இதே சிக்கலை ஆபிரிக்காவில் ஒரு விவசாயச் சமூகம் எதிர்கொண்டது. தென் ஆபிரிக்காவுக்கு வடக்கே உள்ள பொட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆற்றின் பெரும் சதுப்புநிலம் இருக்கிறது. அதன் மேற்குக் கரையோர வீதியில் போனால் எட்சா என்ற ஊர்கள் வரும். எட்சா 1, எட்சா 2 என்று 13 வரை இலக்கங்கள். ஏன் இந்த இலக்கங்கள்? அயல்நாடான அங்கோலாவில் போர்த்துக்கேயருக்கு எதிரான விடுதலைப் போர் நடந்தபோது, 1967 இலிருந்து 1969 வரை ஹம்புகுஷு என்னும் விவசாய மக்கள் எல்லையைக் கடந்து ஓடிவந்தார்கள். அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபடியே 13 குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். முகாம் இலக்கமே ஊர்ப் பெயராயிற்று. இலக்கம் போட்ட முகாம்களில் வாழ்ந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பெண்கள் கொண்டுவந்த சொத்து கூடை இழைக்கும் அறிவு. தானியம் புடைக்கவும் சேமிக்கவும் அவர்கள் காலாகாலமாக இழைத்தவை. அங்கே வளரும் மொகொலா என்னும் பனையினம் எமது பனைக்குச் சொந்தக்காரன். அதன் இளம் ஓலையைக் கீறி, மரப்பட்டைச் சாயத்தில் அவித்து இழைக்கிறார்கள். கோலங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் காடும் மாடும் இருக்கின்றன: ஒட்டகச்சிவிங்கியின் கண்ணீர், காளையின் சிறுநீர்த் தடம். 1970 இல் பொட்ஸ்வானாகிராவ்ட் என்ற விற்பனை நிறுவனம் தொடங்கப்பட்டு இக்கூடைகளை ஊருக்குள் வந்தே வாங்கத் தொடங்கியது. தேசிய நூதனசாலை கூடைகளுக்குப் போட்டியும் கண்காட்சியும் நடத்தியது. புடைக்கும் கூடை சுவரில் தொங்கும் கலையாயிற்று. எட்சாவின் பெயர் உலகத்துக் கடைகளில் தெரிந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கூடை விற்க விற்க, ஊரைச் சுற்றியிருந்த மொகொலா குறைந்தது. இளம் ஓலையை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் வளராது. எமது பனைக்கும் அதே விதிதான். பெண்கள் ஓலைக்காகத் தூரத் தூர நடந்தார்கள். பின்னர்தான் குருத்தைக் காத்து வெட்டவும், புதிதாக நடவும், சாயமரங்களைப் பேணவும் முயற்சிகள் தொடங்கின. சந்தை வந்தது நன்மை. மூலப்பொருளை யாரும் எண்ணிப் பார்க்காதது கேடு.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

இப்பயணத்தில் கண்டவற்றை நான்கு கேள்விகளாகத் தருகிறேன். அடுத்த தடவை யாராவது பயிற்சி தருகிறோம் என்று வந்தால், கையெழுத்து வைக்குமுன் மாதர் சங்கத்தில் இருந்து பேசுங்கள்.

1. மூலப்பொருள் எங்கே? நடந்து போய் எடுக்கக் கூடியதா, காசுக்கா? பொதுக் குளமென்றால் அயலூரோடு பேசிவிட்டோமா? பன் வெட்டும் காலமும் அளவும் இரண்டு ஊரும் சேர்ந்து தீர்மானித்தால் சண்டையும் வராது, பன்னும் அழியாது.

2. இந்த வேலை தெரிந்தவர் எம்மிடையே யார்? பட்டணத்திலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிடுமுன், எழுபது வயதில் திண்ணையில் இருக்கும் ஆச்சியைக் கேளுங்கள். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் படியை அவருக்குக் கொடுக்கும்படி கேளுங்கள்.

3. வாங்குபவர் யார், எந்த வீதியால் வருகிறார்? ஐம்பது பேரும் ஒரே பெட்டியை ஒரே சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறோமா? கோணேசர் கோயில் வழியில் ஒரு மேசை, நகரில் ஒரு கடையோடு ஓர் ஒப்பந்தம், அரச நிறுவனத்தில் ஒரு பதிவு என்று பிரித்துப் போகலாமா?

4. விலையைச் சொல்வது யார்? ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கடையில் ஒரு பெட்டி 1000 ரூபா. கடைக்கு 400, வாங்கிச் சென்றவருக்கும் வாகனத்துக்கும் 200, ஓலைக்கும் சாயத்துக்கும் 100 என்றால் இழைத்தவருக்கு 300. இழைக்க இரண்டு நாள் ஆனால் நாட்கூலி 150. வயலில் ஒரு நாள் களை பிடுங்கினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பெண்கள் சேர்ந்து போட்டபின் விலை சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இழைத்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு சிறு துண்டில் எழுதிக் கட்டுங்கள்.

இன்னுமொன்று. சனாதனனின் தோம்பில் மக்கள் வீட்டைக் கீறினார்கள். நீங்கள் ஊரைக் கீறுங்கள். பெரிய தாள் ஒன்றை விரித்து, முதியவர்களைச் சுற்றி இருத்தி, பன் வெட்டிய குளத்தோரம், பனங்கூடல், களி எடுத்த பள்ளம், சாயமரம் நின்ற காடு, அவற்றுக்குப் போன பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். இன்று அது யாருடைய கையில், எந்த வேலிக்குள் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதன் பிரதிகளில் ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். காணி பற்றிப் பேச எந்த அதிகாரி வந்தாலும் வயலின் உறுதியோடு இந்தத் தாளையும் மேசையில் வையுங்கள். படிவத்தில் கட்டம் இல்லையென்றால், அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள்.